மிதக்கும் வீட்டுக்காரன்

கயிறு தடுக்கியது. அம்சவேணி எப்படியோ சமாளித்து நின்றுவிட்டாள். ஆனால் அவள் கையிலிருந்த சர்வே கம்பி, உச்சியில் மாட்டியிருந்த வெள்ளை ஜி.பி.எஸ். கருவியோடு சரிந்து, பக்கிங்காம் கால்வாயில் விழுந்தது… இரண்டு குமிழி வந்தது. அவ்வளவுதான்.

தூறல் விழுந்துகொண்டிருந்தது. தடா பக்கத்துக் கால்வாய்க் கரை முழுக்க வழுக்கும் சேறு. அவள் ஆந்திர அரசின் கிராம அலுவலகமான சச்சிவாலயத்தில் சர்வேயராகச் சேர்ந்து எட்டே மாதம். கையெழுத்துப் போட்டு வாங்கிய அரசாங்கக் கருவி அது…

தடுக்கிய கயிறு ஒரு படகில் போய் முடிந்தது. மீன்பிடிப் படகு இல்லை. நாற்பதடி நீளம், ஆறடி அகலம், இரும்புத் தகட்டில் செய்த ஒல்லியான ரயில் பெட்டி போல ஒன்று. பக்கவாட்டில் ஜன்னல்கள். கூரையில் சோலார் பலகை, பக்கத்தில் காயப் போட்டு எடுக்க மறந்த நீலச் சட்டை.

“நடக்கிற பாதையில கயிறு கட்டினது யாரு?”

ஜன்னலில் ஒரு தலை தெரிந்தது. முப்பது வயதிருக்கும். நெற்றியில் ஏற்றிவிட்ட வெல்டிங் கண்ணாடி.

“செகப்புத் துணி கட்டி வெச்சிருக்கேனே மேடம். பாக்கலியா?”

“நான் மேல சிக்னல் பார்த்துக்கினு வந்தேன்.”

“கீழயும் கொஞ்சம் பார்க்கலாம்.”

அம்சவேணி குமிழி வந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தாள். இமையில் நின்ற மழைத்துளி கன்னத்தில் இறங்கியது. அது மழைதானா என்று அவனுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். சிரிப்பு சட்டென்று நின்றுவிட்டது.

“இருங்க… அழாதீங்க. இந்தத் தண்ணியில நான் போடாத சாமானே இல்ல.”

உள்ளே போய், உள்ளங்கை அகலக் காந்தம் கட்டிய கயிற்றோடு வந்தான். முதல் வீச்சில் ஒரு ஸ்பேனர் வந்தது. “அட, இதத்தான் ரெண்டு மாசமா தேடிக்கினு இருந்தேன்.” இரண்டாவதில் துருப்பிடித்த ஆணிகள். நாலாவது வீச்சில் கயிறு இறுகியது. சர்வே கம்பியின் இரும்பு நுனி காந்தத்தில் ஒட்டிக்கொண்டு, சேறு ஒழுக ஒழுக மேலே வந்தது.

மழைக்குத் தாங்கும்படி செய்த கருவி அது. துடைத்து பட்டனை அழுத்தினாள். பச்சை விளக்கு எரிந்தது. அம்சவேணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நிமிர்ந்தபோது அவனும் அந்த விளக்கையே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான். இருவரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள்… கண்கள் சந்தித்தன. அவள்தான் முதலில் பார்வையைத் திருப்பினாள்.

அவன் பெயர் தமிழ்ச்செல்வன். நாகலாபுரம் பக்கம் ஊர். கம்பெனியில் எட்டு வருடம் வெல்டராக இருந்தவன், வேலையை விட்டு இந்தப் படகைத் தானே செய்தான். இப்போது கால்வாயோரக் கிராமங்களுக்குப் படகிலேயே போய், மீனவர்களின் எஞ்சினும் வீடுகளின் மிக்ஸி, கிரைண்டரும் பழுது பார்க்கிறான். முன்பாதி பட்டறை, பின்பாதி வீடு.

கால்வாய் எல்லையை அளப்பதுதான் அம்சவேணியின் வேலை. பல இடங்களில் கரையே இல்லை, முள்ளும் சேறும்தான். வேறு வழியில்லாமல் மறுவாரம் அவள் அந்தப் படகில் ஏறினாள். அப்புறம் வழி இருந்த நாட்களிலும் ஏறினாள்…

“அந்தப் பையை இந்தப் பக்கம் வைங்க. நீங்க அந்தப் பக்கம் உக்காருங்க.”

“ஏன், நான் இங்க உக்காந்தா?”

“இந்தப் பக்கம் கேஸ் சிலிண்டர் இருக்குது. நீங்களும் சேர்ந்தா படகு சாயும்.”

“என்னை சிலிண்டர்னு சொல்றீங்க.”

“சிலிண்டர் இவ்ளோ பேசாது மேடம்.”

படகு வாழ்க்கை அவளுக்கு நாளாக நாளாகப் புரிந்தது. தண்ணீர்த் தொட்டியில் பிடித்தது ஐந்து நாளைக்கு வரும். பம்ப் ஹவுஸ் குழாய் எங்கெங்கே இருக்கிறது என்பது அவனுக்கு மனப்பாடம். மழை மூட்டம் என்றால் பேட்டரி ஏறாது, அன்று மின்விசிறி கிடையாது. மணிக்கொரு முறை, படகைத் தள்ளும் சுழலியில் ஆகாயத்தாமரையும் அறுந்த வலையும் சுற்றிக்கொள்ளும். எஞ்சினை அணைத்து, கையை முழங்கை வரை தண்ணீரில் விட்டு அறுத்தெடுக்க வேண்டும். தாழ்ந்த பாலம் வந்தால் கூரைமேல் இருப்பதையெல்லாம் இறக்க வேண்டும். கேட்கக் கூச்சப்பட்டுக் கடைசியாகக் கேட்டது கக்கூஸைப் பற்றி. அவன் ஒரு அதிகாரிக்குத் தொழிற்சாலையைக் காட்டுவது போல, மூடி போட்ட பெட்டியை இழுத்துக் காட்டினான். “ஒரு சொட்டு கால்வாயில போவாது. கரையில குழி இருக்குது, அங்கதான்.”

ஒருநாள் படகை நிறுத்தும்போது கயிற்றை அவளிடம் கொடுத்தான். “இறுக்கிக் கட்டிடாதீங்க. கடல்ல அலையேத்தம் வந்தா பக்கத்து ஏரி ஏறும், ஏரி ஏறினா கால்வா ஏறும். கயிறு இடம் கொடுக்கலன்னா படகு மேல வராது, ஒருபக்கமா சாஞ்சி தண்ணி மொண்டுக்கும்.”

“எதுக்கு இவ்ளோ பாடு? ஒரு ரூம் எடுத்துக்கினா ஆச்சு.”

அவன் அவள் கட்டிய முடிச்சைக் கொஞ்சம் தளர்த்தினான். “எட்டு வருசத்துல ஒம்போது ரூம் மாறினேன். ஓனர் காலி பண்ணுன்னா பண்ணணும். இத யாரும் காலி பண்ணச் சொல்ல முடியாது… என் கையால பண்ணது.”

அன்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில், அந்தக் கைகளையே நினைத்துக்கொண்டிருந்தாள் அம்சவேணி. தீப்பொறி பட்ட சின்னச் சின்னத் தழும்புகள்… ‘இது என்ன, சர்வேயர் பார்க்கிற பார்வையா?’ என்று தன்னையே கேட்டுக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

சேதி அவள் வீடு இருக்கும் சத்தியவேடுக்கு எப்படிப் போனதோ தெரியவில்லை. கார்த்திகை பிறந்த வாரம் அவளுடைய அப்பா ஆதிநாராயணன் கால்வாய்க் கரையில் வந்து நின்றார். பதினோரு ஏக்கர் மாந்தோப்பு வைத்திருக்கும் மனிதர். குனிந்து படகுக்குள் பார்த்தார். நிமிர்ந்து தமிழ்ச்செல்வனைப் பார்த்தார்.

“ஆதார் கார்டுல என்ன அட்ரஸ் போட்டிருக்க?”

“ஊர் அட்ரஸ்தான் சார்.”

“அங்க வீடு இருக்குதா?”

“அண்ணன் இருக்கார்.”

“ஆக, உனக்குன்னு ஒரு கதவு நெம்பர் இல்ல. நாளைக்குக் கல்யாணம், குழந்தைன்னு ஆனா இந்த ஆறடியில எங்க நடை பழகும்? ஒரு வார்த்தை கேக்கறேன். எந்தத் தைரியத்துல என் பொண்ண ஏத்திக்கினு சுத்தற?”

தமிழ்ச்செல்வனின் முகம் கறுத்தது. அம்சவேணி அலுவலகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்துகொண்டிருந்ததை அவன் கவனிக்கவில்லை.

“உங்க பொண்ண நான் கேக்கலியே சார். அளக்க வந்தாங்க, கூட்டிக்கினு போனேன். அவ்ளோதான்.”

‘அவ்ளோதான்…’ அம்சவேணி அப்படியே நின்றாள். அவன் திரும்பிப் பார்த்தான். என்னவோ சொல்ல வந்தான். அவள் சைக்கிளைத் திருப்பிவிட்டாள்.

பதினேழு நாள் அவள் அந்தக் கரைப்பக்கம் போகவில்லை. அவனும் போன் செய்யவில்லை. செய்தால் எடுக்கக் கூடாது என்று தினமும் முடிவு செய்துகொண்டு, போனைக் கையிலேயே வைத்திருந்தாள்.

புயல் வந்தது பதினெட்டாவது நாள். அலுவலகம் விடுமுறை. காலை ஏழு மணிக்கு, கால்வாயோரம் நண்டு விற்கும் செல்லியம்மா போன் செய்தாள்.

“சர்வேயரம்மா… அந்தப் புள்ள ஊர்ல இல்ல. நேத்தே திருப்பதி போச்சு, போன் போவல. தண்ணி மடமடன்னு ஏறிக்கினு இருக்குது. படகு சாயுதும்மா. ஆம்பளைங்க எல்லாம் ஷெல்டருக்குப் போயிட்டாங்க. யாருகிட்ட சொல்றதுன்னு தெரியல.”

அம்சவேணி ரெயின்கோட்டை எடுத்தாள். வாசலில் ஆதிநாராயணன்.

“எங்க?”

“அவரு வீடு முழுகுது நைனா.” ரெயின்கோட்டின் பொத்தானைப் போட்டாள். “அது ஒண்ணுதான் இருக்குது அவருக்கு. என்னை அவரு கேக்கல, சரி. அதுக்காக அது முழுகறத பார்த்துக்கினு இருக்க முடியாது.”

ஆதிநாராயணன் மகளின் கண்களைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். “பஸ் ஓடாது. டிராக்டர எடுக்கறேன்,” என்றார்.

இரண்டு மணி நேரம் ஆனது. சாலையில் முழங்கால் தண்ணீர். இவர்கள் போய்ச் சேர்ந்தபோது கால்வாய் கரையைத் தொட்டு ஓடியது. இரண்டு நாள் ஊரில் இருக்கமாட்டோம், புயலும் வேறு பக்கம் போகிறது என்று நினைத்து அவன் கயிறுகளை இடம்விடாமல் இரட்டை முடிச்சாகப் போட்டுவிட்டுப் போயிருந்தான். கயிறு கட்டிய முளைகள் தண்ணீருக்குள். வீணைத் தந்தி போல விறைத்த கயிறுகள் படகைக் கீழே இழுத்துப் பிடித்திருக்க, அது கரைப்பக்கம் சாய்ந்து, ஜன்னல் விளிம்பு தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது.

“அறுத்துட்டா போச்சு,” என்று ஆதிநாராயணன் கத்தியை எடுத்தார்.

“இரு நைனா. அறுத்தா அப்படியே பாலத்துல போய் மோதும். மொதல்ல வேற கயிறு.”

படகுக்குள் தாவினாள். சாய்ந்த தரையில் உருண்டு கிடந்த சாமான்களைத் தாண்டி, நீளக் கயிறுகள் இரண்டைத் தேடி எடுத்தாள். முன்னும் பின்னும் மாட்டி, கரைமேட்டில் நின்ற பனைமரங்களில் இடம்விட்டுக் கட்டினாள். “இப்ப அறு நைனா.”

முன்கயிறு அறுந்தது. பிறகு பின்கயிறு. படகு ஒரு பெருமூச்சு விட்டதைப் போல நிமிர்ந்து, துள்ளி, புதுக் கயிறுகளில் போய் நின்றது. ஆதிநாராயணன் தன்னையறியாமல் “கோவிந்தா” என்றார்.

வேலை அதோடு முடியவில்லை. ஜன்னல் வழியே புகுந்த தண்ணீர் கணுக்காலளவு நின்றது. அப்பாவும் மகளும் மாறி மாறிக் கைப்பம்பை அடித்தார்கள். தண்ணீர் ஏற ஏறக் கயிற்றைத் தளர்த்தினார்கள். மதியம் இருவருமாக ஸ்டவ்வைப் பற்றவைத்து டீ போட்டார்கள். படகு ஆடியது. ஆதிநாராயணன் ஒரு கையால் டம்ளரையும் மறுகையால் சுவரையும் பிடித்துக்கொண்டு, தகடுகள் சேரும் இடங்களையெல்லாம் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தமிழ்ச்செல்வன் வந்தபோது மணி நாலரை. மழை விட்டிருந்தது. திருப்பதியிலிருந்து வந்த பஸ் நாயுடுபேட்டையோடு நின்றுவிட, லாரியில் தொற்றி சூளூர்பேட்டை வந்து, அங்கிருந்து நடந்தும் கிடைத்த வண்டியில் ஏறியும் வந்து சேர்ந்தான். வழியில் ஒருவன் சொல்லியிருந்தான், கால்வாயில் ஒரு படகும் மிஞ்சவில்லை என்று. கரையேறும் முன்பே அவன் மனதில் படகு முழுகிவிட்டது.

மேட்டில் ஏறி நின்றான்… படகு மிதந்துகொண்டிருந்தது. நேராக. சமமாக. கூரைமேல் ஈரத் தலையோடு அம்சவேணி உட்கார்ந்து, உள்ளங்கைக் கொப்புளங்களை ஊதிக்கொண்டிருந்தாள்.

உள்ளேயிருந்து, வேட்டியை மடித்துக் கட்டிய ஆதிநாராயணன் வெளியே வந்தார்.

“நீ பண்ணதா இது முழுக்க?”

“ஆமா சார்.”

“காலையிலேர்ந்து பார்க்கறேன். இவ்ளோ ஆட்டம் ஆடியும் ஒரு ஜாயிண்டு கசியல. ஜன்னல்ல வந்த தண்ணிதான்.” அவர் கரையில் இறங்கி, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார். “டிராக்டர்ல தண்ணி பூந்திருக்குதான்னு பார்க்கணும். கொஞ்ச நேரம் ஆவும்.” திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டார்.

படகின் ஓரத்தில் வந்து நின்றான் தமிழ்ச்செல்வன். சட்டை முழுக்கச் சேறு. கண்கள் சிவந்திருந்தன.

“திருப்பதிக்கு எதுக்குப் போனீங்க?” என்று கேட்டாள். கோபமாகக் கேட்கத்தான் நினைத்தாள்.

“ரேணிகுண்டா பக்கம் ஒரு கம்பெனியில இண்டர்வ்யூ. குவார்ட்டர்ஸ் தராங்க.” தலை குனிந்தது. “ஒரு கதவு நெம்பர் வாங்கிக்கினு வந்து, உங்க அப்பாவைப் பார்க்கலாம்னு… அன்னிக்கு அப்படி சொன்னது ரோஷத்துல சொன்னது அம்சவேணி. கேக்கறதுக்கு எனக்கு என்ன தகுதின்னு…”

முதல்முறையாக ‘மேடம்’ இல்லை. அவள் நெஞ்சுக்குள் என்னவோ அவிழ்ந்து இலேசானது.

“வேலை கெடச்சுதா?”

“பாதியில எழுந்து வந்துட்டேன். புயல் இந்தப் பக்கம் திரும்பிடுச்சுன்னு டிவியில காட்டினான்.”

“நல்லதாப் போச்சு.” அவள் கூரையிலிருந்து மெதுவாக இறங்கினாள். “குவார்ட்டர்ஸ்ல யாரு இருப்பா? பதினேழு நாளா எனக்குத் தூக்கமில்ல. வீட்டுல கட்டில் ஆடாம நிக்குது, அதான் தூக்கம் வரலியோ என்னவோ.”

அவன் சிரிக்கப் பார்த்தான்.

“எனக்கு உங்களப் புடிச்சிருக்கு,” என்றாள் அம்சவேணி. “இத நீங்கதான் மொதல்ல சொல்லணும்னு காத்துக்கினு இருந்தேன். இன்னிக்கு ரொம்ப அசதியா இருக்குது… இனிமே காத்திருக்க முடியாது.”

மேகம் கொஞ்சம் விலகி, கால்வாய்த் தண்ணீரில் மஞ்சள் வெளிச்சம் விழுந்தது. அவன் அவள் கொப்புளங்கள் படாமல் விரல் நுனிகளை மட்டும் பிடித்துக்கொண்டான்.

“நானும் சொல்றேன். உக்காந்து சொல்றேனே… காலையிலேர்ந்து நடந்தது, காலு நிக்கல.”

ஈரத் தகட்டில் இருவரும் உட்கார்ந்தார்கள், ஒரே பக்கமாக. படகு அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்தது. இருவரும் நகரவில்லை. அவன் சொன்னான்.