கிரஷரை ஓட்டியது யார்?

"நிறுத்துங்க... நிறுத்துங்கடா...!"

அலறல் கிரஷருக்குள்ளிருந்து வந்தது!

அல்ஜீரியா எல்லையை ஒட்டிய கஃப்சா ஊருக்குப் பக்கத்துப் பாஸ்பேட் ஆலை. ரிப்பேருக்காக நிறுத்தியிருந்த, பாறை நொறுக்கும் அந்த இயந்திரம் திடீரென்று ஓட ஆரம்பித்திருந்தது.

உள்ளே... மெக்கானிக் லஸ்ஹர்!

ஆட்கள் ஓடி வந்தபோது கிரஷர் நின்றிருந்தது. யாரும் ஓட்டிவிடாதபடி மெயின் சுவிட்சில் லஸ்ஹர் மாட்டியிருந்த பூட்டை யாரோ வெட்டியிருந்தார்கள்.

உயிர் பிழைத்தார். இடது கை முழங்கையோடு போயிற்று.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள் இன்ஸ்பெக்டர் வஹீதா.

மற்றக் கட்டில்களைச் சுற்றி உறவுக் கூட்டம். கூஸ்கூஸ் சாப்பாட்டு வாசனை. சிரிப்பு. லஸ்ஹரின் அருகில் யாருமில்லை. மனைவி காலமாகிவிட்டாள். வெளிநாட்டில், மார்செய்யில் இருக்கும் மகன் போனை எடுப்பதில்லை.

"பூட்டை வெட்டினது யாரு மாமா?"

"வெல்டர் நூரிதான் வெட்டியிருப்பான் மகளே. எனக்கும் அவனுக்கும் ஆகாது."

விசாரித்தாள். நூரி அன்றைக்கு லீவு!

மறுபடி வந்தாள்.

"அப்போ எலக்ட்ரீஷியன் சாலிஹ்தான். அது கிடக்கட்டும்... சாப்பிட்டியாம்மா? முகம் வாடியிருக்கே?"

சாலிஹ் அன்றைக்கு ஸ்ஃபாக்ஸ் ஊரில் தம்பி கல்யாணத்தில் ஆடிக்கொண்டிருந்தான். வீடியோவே இருந்தது!

அடுத்த முறை வஹீதா புயலாக நுழைந்தாள்.

"விளையாடறீங்களா மாமா? சூப்பர்வைசர் பெஷீரைப் பிடிச்சாச்சு! உற்பத்தி நிக்குதேன்னு பூட்டை வெட்டி, உள்ள ஆள் இருக்கான்னு எட்டிக்கூடப் பார்க்காம ஓட விட்டிருக்கான்!"

லஸ்ஹர் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"நீங்க கத்தினதும் நிறுத்திட்டுக் குனிஞ்சு பார்த்தானாம். நீங்களும் அவனைப் பார்த்தீங்களாம்!"

"...பார்த்தேன்."

"அடப்பாவி மனுஷா! அல்ஜீரியா எல்லையில மடக்கினோம். தப்பியிருந்தா? ரெண்டு அப்பாவிகளை வேற மிரட்டியிருக்கேன்!"

"நூரிக்குக் கொஞ்சம் வேணும்தான்..."

"மாமா! ஏன் சொல்லல?"

கட்டுப் போட்டிருந்த கையையே பார்த்தார்.

"முதல் நாளே சொல்லியிருந்தா... நீ மறுபடி வந்திருப்பியா?"



வஹீதா தொப்பியை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனாள். நின்றாள்.

"நாளைக்கு வர்றேன்."

"எதுக்கும்மா? அதான் கேஸ் முடிஞ்சுதே..."

"அந்தக் கேஸ் முடிஞ்சுது. போலீஸ்கிட்டப் பொய் சொன்ன கேஸ்ல நீங்கதான் குற்றவாளி. லேசுல விடமாட்டேன் மாமா... விசாரணை வருஷக்கணக்கா இழுக்கும்!"