மன்னித்துவிட்டவள்

விளக்கை அணைத்த பிறகு, யார் தட்டினாலும் கதவைத் திறக்கக் கூடாது. கடலுக்கு மேலிருந்த அந்தச் சரளை மேட்டில், படுக்கையும் அடுப்பும் வைத்த வேன்களை நிறுத்தி இரவு தங்குபவர்கள் அனைவரும் இதைக் கடைப்பிடித்தார்கள். எவரும் எவருக்கும் சொல்லித் தந்ததில்லை. பொழுது சாய்ந்ததும், தாழ்ப்பாள் விழும் ஓசை வரிசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நகர்ந்துசெல்வதைக் கேட்டே புதிதாக வந்தவர்கள் கற்றுக்கொண்டார்கள்.

தங்கையும் முந்திய இரவு அப்படித்தான் கற்றாள். அது அக்கா தன் கைபேசிச் செயலியில் தேடிப் பிடித்த இடம். தங்கிப் போனவர்கள் எல்லோரும் ஐந்து நட்சத்திரம் கொடுத்து, ஒரே சொல்லை எழுதியிருந்தார்கள்: அமைதி. அந்த அமைதிக்குள் யாரோ கதவைத் தட்டினார்கள்.

"அக்கா, நான்தான்" என்றது வெளியிலிருந்து ஒரு குரல்.

அது தங்கையின் குரல். தங்கையோ உள்ளே, அக்காவின் முழங்கை விலாவில் இடிக்க, விழித்துக் கிடந்தாள்.

காலையில், பக்கத்து வேனில் தனியாக வசித்த ஓய்வுபெற்ற பல் மருத்துவரிடம் கேட்டாள்.

"ராத்திரி யாரோ தட்டினாங்களே சார், உங்களுக்குக் கேட்டுச்சா?"

"காத்தும்மா" என்றார் அவர், கெட்டிலிலிருந்து கண்ணை எடுக்காமல். "இங்க காத்து கொஞ்சம் வாயாடி."

"காத்து அக்கான்னு கூப்பிடுமா?"

"என்னை அப்பான்னு கூப்பிடும்." தேநீரை ஊற்றி முடித்தார். "இன்னிக்கே கிளம்பிடுங்க."

"நீங்க கிளம்பலையா?"

"என்னைக் கூப்பிட அதவிட்டா வேற ஆள் இல்லம்மா."

அக்கா கிளம்ப மறுத்தாள். இவ்வளவு அழகான கடலை ஒரு சத்தத்துக்குப் பயந்து விட்டுப் போக அவள் பைத்தியக்காரி இல்லையாம். ஸ்டியரிங் அவள் கையில் இருந்தது; எனவே முடிவும் அவளுடையது. எப்போதும் போல.

அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த ஆண்டுகளெல்லாம் வீட்டோடு இருந்து பார்த்துக்கொண்டவள் தங்கை. பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்த அக்கா, அம்மா போன கையோடு வந்து ஒரு பத்திரத்தை நீட்டினாள். தங்கை அச்சகத்துக்கு மெய்ப்புப் பார்ப்பவள். ஊரார் எழுத்திலெல்லாம் பிழை தேடிய அவள், அதை மட்டும் படிக்காமல் கையெழுத்திட்டாள். வீடு விலைபோய் இந்த வேனாயிற்று. இதை விட்டால் அவளுக்கு வேறு கூரை இல்லை. "நம்ம ரெண்டு பேருக்கும்தானே வாங்கினேன்" என்று அக்கா சொல்லும்போதெல்லாம் அவள் வாய் திறப்பதில்லை. பதில் சொல்லாதிருப்பது ஒன்றே அவளிடம் மிஞ்சியிருந்த சொத்து. அதையும் எழுதிக்கொடுக்க அவள் தயாராயில்லை.

அன்றிரவும் தாழ்ப்பாள்கள் வரிசையாக விழுந்தன. காயாத துண்டின் புளித்த வாடையும், அடுப்பிலிருந்து கசிந்த எரிவாயுவின் மெல்லிய நெடியும் தலைக்கு மேல் தேங்கி நிற்க, கீழே அலை பாறையிடுக்கில் நுழைந்து எதையோ தேடித் துழாவிவிட்டு வெறுங்கையோடு திரும்பும் ஓசையைக் கேட்டபடி தங்கை படுத்திருந்தாள். பிறகு சரளையில் காலடிகள். மற்ற வேன்களை ஒவ்வொன்றாகக் கடந்து வந்தன. எதனிடமும் தயங்கவில்லை. இங்கே நின்றன.

தட்டல்.

"அக்கா, நான்தான். குளிருது."

இருவரும் அசையவில்லை.

"வீட்ட வித்ததுல எனக்கு வருத்தமே இல்லக்கா. எனக்காகத்தான் செஞ்ச. எனக்குத் தெரியும்."

அக்கா போர்வையை விலக்கினாள்.

"அது நான் இல்லக்கா" என்றாள் தங்கை.

"தெரியும்டி." ஆனால் அக்கா எழுந்து உட்கார்ந்திருந்தாள். "நீ ஒரு தடவயாவது இப்படிச் சொல்லியிருக்கியா?"

"திறக்காத."

"அது சொன்னத நீ சொல்லிடு. திறக்க மாட்டேன்."

ஒரே ஒரு வாக்கியம். பொய்யாகச் சொன்னாலும் போதும். தங்கை வாயைத் திறந்தாள். அம்மாவின் கட்டில் உரசி உரசிக் காரை பெயர்ந்திருந்த சுவர் கண்முன் வந்தது. நாக்கில் உப்பு. சொல் வரவில்லை.

"பஸ் ஓட்டி ஓட்டி உன் கால் மரத்துப் போச்சேக்கா" என்றது வெளியே. "அமுக்கி விடறேன்."

அக்கா விளக்கைப் போட்டாள்.

இருண்ட வரிசையில் அந்த ஒரு ஜன்னல் மட்டும் மஞ்சளாக எரிந்தது. பல் மருத்துவரின் திரை விரற்கடை விலகியது. மூடிக்கொண்டது.

"அக்கா" என்றாள் தங்கை.

தாழ்ப்பாள்.

கதவு சறுக்கியது. காற்று. பாசி நாற்றம். வெளிச்சத்தின் விளிம்பில் ஈரமான இரண்டு வெறுங்கால்கள். தங்கையின் கால்கள். வலது சுண்டுவிரலில் அதே கோணல். அவை படியில் ஏறின.

அக்கா அதன் கையைப் பிடித்தாள்.

"வாடி உள்ள" என்றாள், தங்கை பல வருடங்களாகக் கேட்டிராத குரலில். பிறகு, முகத்தைத் திருப்பாமலே, படுக்கையில் இருந்தவளிடம்:

"நீ இறங்கு."