கயிற்றின் பின்முனை

சிமேனா கால் வைத்து ஒரு கணம் கழித்து, அடியிலிருந்து இன்னொரு காலடிச் சத்தம் கேட்டது.

தன் பூட்ஸின் எதிரொலி என்றுதான் முதலில் நினைத்தாள். உறைந்த ஏரியின் மேல் அவள் நடப்பது இதுதான் முதல் தடவை. மெக்சிகோவின் வெயில் ஊரில் வளர்ந்தவளுக்குப் பனிக்கட்டி என்றால் எலுமிச்சைச் சாற்றில் மிதக்கிற சமாச்சாரம், அவ்வளவுதான். ஆனால் எதிரொலி என்றால் அவள் நின்றதும் அதுவும் நிற்கவேண்டும். நின்று பார்த்தாள். கறுப்பாக இறுகிக் கிடந்த பனிக்கட்டிக்குக் கீழே அது இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தது. டொக். பிறகுதான் நின்றது.

"ப்ரோடி, கீழ என்னமோ சத்தம் கேக்குதுடா."

முன்னால் சறுக்குவண்டியை இழுத்துப் போன ப்ரோடி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஏரி பேசுதுடி. குளிர் ஏற ஏற கட்டி முனகும், வெடிக்கும். பழகிடும்."

"பேசட்டும், தாராளமாப் பேசட்டும். நம்ம பேரைச் சொல்லிக் கூப்பிடாம இருந்தா சரி," என்றான் பின்னால் வந்த எபுகா.

கனடாவின் வின்னிபெக்கில் படிக்கப் போன இடத்தில் மூன்று பேருக்கும் ஒரே விடுதி, ஒரே சமையலறை. ப்ரோடி அந்த ஊர்க்காரன். ஏரி நடுவில் ஒரு தீவில் அவன் மாமாவுக்கு மரவீடு உண்டு. சனி ஞாயிறு அங்கே போய் விறகு மூட்டி மீன் பிடிக்கலாம் என்று கிளப்பிவிட்டவன் அவன்தான். எபுகாவுக்குத் திங்கட்கிழமை தேர்வு. நைஜீரியாவிலிருந்து வந்து இரண்டு குளிர்காலம் ஆகியும் குளிரை இன்னும் எதிரியாகவே பார்ப்பவன். "நீ வரலேன்னா நானும் போகல" என்று சிமேனா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதால், திட்டிக்கொண்டே கிளம்பி வந்தான். வந்தவன் கூடவே ஒரு பெரிய டப்பா நிறைய தன் ஊர்த் தக்காளிச் சோறான ஜொலோஃபும் கட்டிக்கொண்டு வந்தான்.

பிற்பகல்தான். ஆனால் பாதி ஏரி தாண்டும்போதே வடக்கிலிருந்து காற்று கிளம்பி, தரையில் கிடந்த பனித்தூளையெல்லாம் வாரி எடுத்து முகத்தில் அடித்தது. கரை மறைந்தது, தீவு மறைந்தது, வானம் எது ஏரி எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே வெள்ளையாயிற்று. ப்ரோடி வண்டியிலிருந்து கயிற்றை எடுத்தான். தன் இடுப்பில் ஒரு முடிச்சு, நடுவில் சிமேனாவுக்கு ஒன்று, கடைசியில் எபுகாவுக்கு.

"யாரும் அவுக்கக் கூடாது. புரியுதா?"

"அவுத்துட்டு எங்கடா போகப்போறேன்? பஸ் ஸ்டாப்புக்கா?"

எபுகாவின் வாய் ஓயவில்லை. காற்றின் ஊளையையும் மீறி அவன் குரல் முதுகுப் பக்கம் வந்துகொண்டே இருந்தது. அது ஒரு கதகதப்பு மாதிரி இருந்தது சிமேனாவுக்கு. "எங்கம்மாகிட்ட போன்ல சொன்னேன், ஏரிமேல நடந்து போகப்போறோம்னு. என்ன கேட்டாங்க தெரியுமா? 'ஏன்டா, நீ என்ன இயேசுவா?'ன்னாங்க. நான் சொன்னேன், இல்லம்மா, கூட ஒருத்தி வர்றா, அவளுக்குத் துணைக்கு—"

கயிறு வெடுக்கென்று இழுத்தது.

சிமேனா மல்லாந்து விழுந்தாள். கனமான மூடி ஒன்று மூடிக்கொண்டது போல ஒரு சத்தம் கேட்டது. தட்டுத் தடுமாறி எழுந்து திரும்பினாள். வெள்ளைக்குள் எபுகாவின் ஆரஞ்சு நிற ஜாக்கெட் தெரிந்தது. நேராக நின்றிருந்தது. கட்டியில் உடைப்போ ஓட்டையோ எதுவும் இல்லை.

"விழுந்துட்டியா? அடி பட்டுச்சா?"

ஜாக்கெட்டின் தலைமுக்காடு மெல்ல, இல்லை என்பதுபோல் அசைந்தது.

"என்னாச்சு?" முன்னாலிருந்து ப்ரோடி கத்தினான்.

"ஒண்ணுமில்ல, வழுக்கிட்டான்!"

மறுபடி நடந்தார்கள். காலடியில் அவளைத் தொடர்ந்து வந்த அந்தச் சத்தம் இப்போது இல்லை என்பதைக் கவனித்ததும் அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அம்மா கதையை எபுகா பாதியில் விட்டுவிட்டானே என்று தோன்றியது. "அப்புறம் என்ன சொன்னாங்க உங்கம்மா?" என்று கேட்டாள். காற்று மட்டும் ஊளையிட்டது. கோபமாக இருப்பான். பயந்திருப்பான். எபுகா பயந்தால் இன்னும் அதிகமாகப் பேசுவானே தவிர வாயை மூடமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். அதை நினைக்காமல் இருக்கப் பார்த்தாள். ஈரச்சேற்றின் வாடை வந்தது. எல்லாமே உறைந்து கிடக்கிற இடத்தில், ஒரு குளத்தைத் தூர்வாரிய மாதிரி வாடை. பின்னாலிருந்துதான் வந்தது.

அப்போதுதான் அவன் நடை அவள் காதில் விழுந்தது.

அவள் ஓர் அடி வைத்தாள். ஒரு கணம் கழித்து, பின்னால். டொக்.

இன்னோர் அடி. டொக்.

அவள் நின்றாள். அது இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தது. பிறகு நின்றது.

திரும்பக் கூடாது. கயிறு இருக்கிறது. முன்னால் ப்ரோடி இருக்கிறான். நட. நட.

காலுக்குக் கீழே இடி இடித்தது.

இது நடை இல்லை. இரண்டு கையாலும் அறைகிற அறை. பூட்ஸ் வழியாக, முழங்கால் வழியாக, பல் வரைக்கும் அதிர்ந்தது. அதற்குள் அமுங்கி, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒரு குரல்.

"சிமேனா! நான் இங்க இருக்கேன்! இங்க!"

மண்டியிட்டு விழுந்தாள். இரண்டு கையாலும் பனியைத் தள்ளினாள். கறுப்புக் கண்ணாடி மாதிரிக் கட்டி. உள்ளே ஒரு உள்ளங்கை. வெளுத்து, தட்டையாக ஒட்டியபடி. அதன் பக்கத்தில் முகம். மூக்குக்கண்ணாடி ஒரு காதில் தொங்கியது. கண் திறந்திருந்தது. அவளைத்தான் பார்த்தது.

"எபுகா! எபுகா, இரு! ப்ரோடி! கோடாலி! வண்டியில இருக்கிற கோடாலியைக் கொண்டாடா!"

"என்னது? கேக்கலை!" காற்றுக்கு அந்தப் பக்கம் ப்ரோடி சிரித்தான். "தீவு தெரியுது! வாங்க ரெண்டு பேரும்!"

முன்கயிறு இழுத்தது. அவள் கட்டியைக் குத்தினாள். விரல் தோல் கிழிந்து ரத்தம் வந்தது. மறுபடி குத்தினாள். எபுகாவின் வாய் மெல்ல அசைந்தது. அவள் பெயர். மறுபடி அவள் பெயர். குரல் வரவில்லை.

பின்கயிறு தளர்ந்தது.

சேற்று வாடை நெருங்கியது. பக்கத்தில் ஆரஞ்சு ஜாக்கெட், அவள் மண்டியிட்ட மாதிரியே மண்டியிட்டது. கைநுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. அந்தக் குளிரிலும் உறையாத தண்ணீர். அது அவளைப் பார்க்கவில்லை. அவள் ஒதுக்கி வைத்திருந்த பனியை இரண்டு கையாலும் அள்ளியது. அவசரமே இல்லை. தூங்குகிற பிள்ளைக்குப் போர்வையை இழுத்துவிடுகிற பதத்தில், எபுகாவின் கையை மூடியது. வாயை மூடியது. பிறகு, இன்னும் அவளையே பார்த்துக்கொண்டிருந்த கண்களின் மேல் பனியைக் கொட்டி, உள்ளங்கையால் தட்டித் தட்டிச் சமப்படுத்தியது.