சனிக்கிழமை அணையும் ஏரி

சனிக்கிழமை மாலை ஆறரை மணிக்கு ஏரி அணைந்துபோனது.

அதுவரைக்கும் எல்லாம் அமைதியாகத்தான் நடந்துகொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே ராஹே என்ற அந்தக் கடலோர வடநாட்டு ஊர், பிப்ரவரிப் பனி மூடி நீலமாகக் கிடந்தது. உள்ளே, விளையாட்டுத் திரையில் மட்டும் நல்ல கோடைக்காலம். அசையாத தண்ணீர், கரையோரம் நாணல், இரண்டு படகுகள். ஒன்றில் இல்க்கா தூண்டில் போட்டுக்கொண்டிருந்தான். மற்றதில் அவன் அண்ணன் பெர்த்து. நிஜத்தில் பெர்த்து இருந்தது நார்வேயில், த்ரொம்ஸோ துறைமுகத்து வாடகை அறையில். வாரம் முழுக்கக் கடலில் மீன் பிடித்துவிட்டு, சனிக்கிழமை கரையேறினால் அங்கேயும் உட்கார்ந்து மீன் பிடிக்கிற ஆள் அவன். சில பேரைத் திருத்தவே முடியாது.

"சிக்கிடுச்சுடா" என்றது தொலைக்காட்சிக்குள்ளிருந்து பெர்த்துவின் குரல். "சால்மன். பன்னிரண்டு கிலோ காட்டுது."

கேம் பெட்டியின் விசிறி அலறியது. அப்புறம் நின்றது. கோடைக்காலம் போய்விட்டது. கறுத்த திரையில் இல்க்காவின் முகம் மட்டும் தெரிந்தது.

தொடர்ந்து மூன்றாவது சனிக்கிழமை இது. சற்று நேரத்தில் கைபேசியில் செய்தி வந்தது: 'சின்ன வயசுல தோக்கப் போறேன்னு தெரிஞ்சா பிளக்கைப் பிடுங்குவே. இன்னும் மாறலைல்ல? அடுத்த வாரமும் இப்படின்னா நான் வரமாட்டேன். இனி எப்பவுமே.'

ஏழு வருஷம் பேசாமல் இருந்த அண்ணன். இந்தக் கடலோர மரவீட்டை அப்பா இல்க்கா பேருக்கு எழுதிக்கொடுத்த அன்று கதவைச் சாத்திக்கொண்டு போனவன், டிசம்பரில் ஒருநாள் ஒரு வார்த்தையும் எழுதாமல் இந்த விளையாட்டுக்கு அழைப்பு மட்டும் அனுப்பியிருந்தான். அவர்கள் பழைய சண்டையைப் பேசவில்லை, வீட்டைப் பேசவில்லை. மீனை மட்டும் பேசினார்கள். அதுவே இல்க்காவுக்குப் போதுமானதாக இருந்தது. இப்போது அந்த நூலும் அறுந்துபோகிற நிலை.

*

இல்க்கா போனில் எல்லாவற்றையும் சொன்னதும், ஞாயிறு காலை ரீக்கா வந்தாள். ராஹே காவல் நிலையத்தில் திருட்டு வழக்குகளைத் துப்பறிகிறவள். இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தாள், பள்ளிக்கூடத்தில் இல்க்காவோடு படித்தவள். பூட்ஸைக் கழற்றிவிட்டுக் கம்பளிச் சாக்ஸோடு கூடத்துக்குள் நடந்தபோது அவளுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது. அதையே கேட்டாள்.

"நீதானே பிடுங்கினே?"

"நீயுமா?"

"என்கிட்டயே ரெண்டு தடவை பிடுங்கியிருக்கே. நாலாம் வகுப்புல."

இல்க்கா சிவந்துபோய், தான் பிடுங்கவில்லை என்று சத்தியம் செய்தான். பெட்டியை மறுபடி போட்டதும் திரையில் வந்த அறிவிப்பைக் காட்டினான். அளவுக்கு மீறிச் சூடானதால் அணைக்கப்பட்டது என்று அதில் இருந்தது. பிளக்கைப் பிடுங்கினால் அப்படி வராது. ரீக்கா அவனைச் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்தாள். கொஞ்சம் வருத்தத்தோடுதான்.

ஆனால் சூடு எங்கிருந்து வரும்? அந்த வருஷம் மின்சாரம் விற்ற விலைக்கு, ராஹேயில் எல்லோரும் வீட்டுச் சூட்டைக் குறைத்துவைத்துவிட்டு ஸ்வெட்டரோடு அலைந்தார்கள். இந்தக் கூடத்தில் மூச்சு விட்டால் புகைகூட வரும்போலிருந்தது. பழுதுபார்க்கிற கடையில் பெட்டியைத் தூசி தட்டி, உள்ளே சூடு கடத்துகிற பசையை மாற்றி, நாள் முழுக்க ஓடவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஒரு குறையும் இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

பெட்டி இருந்த இடத்தை ரீக்கா மண்டியிட்டுப் பார்த்தாள். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே சுவரில் பதித்த பழைய அலமாரி. அந்தப் பக்கம் சமைத்துவைத்ததை இந்தப் பக்கத்திலிருந்து எடுத்துக்கொள்வதற்காகக் கட்டியது. கூடத்துப் பக்கம் கதவே இல்லை, கழற்றியாகிவிட்டது. கேம் பெட்டி அதன் வாயை அடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றது. பின்னால் ஒரே இருட்டு.

"அந்தப் பக்கக் கதவு?"

"பெயிண்ட் அடிச்சு ஒட்டிப்போச்சு. நான் பிறந்ததுலேருந்து திறந்ததே இல்லை."

பெட்டியின் பின்பக்கக் காற்றோட்டத் துளைகளில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. சுவர்ச் சுண்ணாம்பு உதிர்கிறது என்றான் இல்க்கா. வீட்டின் வயதுக்கு அதுவும் நியாயம்தான்.

"யார் மேல சந்தேகப்படறே?"

அவன் மாடிப்படியைப் பார்த்தான். மாடியில் ஒரு பையின் ஜிப் இழுபடும் சத்தம் கேட்டது. அதுவே பதில்.

*

மாடியில் அவன் மனைவி மிர்வா பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். ஔலுவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறாளாம். சனிக்கிழமை சாயங்காலம் சௌனா என்கிற நீராவிக் குளியலறையின் மின்சார அடுப்பை அவள்தான் போடுவாள். வேண்டுமென்றே அந்த நேரம் பார்த்துப் போட்டுக் கரண்டை இழுக்கிறாய் என்று இல்க்கா முந்தின நாள் அவள் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறான்.

"அவன் அண்ணன் எங்க கல்யாணத்துக்கே வரலை" என்றாள் மிர்வா. "கோபம் இருக்கு, இல்லேன்னு சொல்லலை. அதுக்காகச் சௌனாவை வெச்சுப் பழிவாங்குவேனா?"

"அடுப்பு கரண்டை இழுத்தா டிவியும் அணையணும். அணையலையே" என்றாள் ரீக்கா. "ஊருக்குப் போகாதே. சனிக்கிழமை வரைக்கும் இரு."

"அவன் மன்னிப்புக் கேக்கட்டும், இருக்கேன்."

"கேப்பான்."

மிர்வா ஜிப்பைப் பாதியில் நிறுத்தினாள். முழுசாகத் திறக்கவில்லை.

கடைசியாகச் சமையலறை. இல்க்காவின் அப்பா ஆர்வோ மேஜையில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பனி உடைக்கும் கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வுபெற்றவர். சனிக்கிழமை தோறும் ஏலக்காய் பன் சுடுவார், ஞாயிறு காபிக்கு எல்லோரும் அதைத்தான் தின்பார்கள். கேட்காமலே ஒன்றை ரீக்காவின் தட்டில் வைத்தார். சுவரில் பச்சைப் பெயிண்ட் அடித்த அந்த அலமாரிக் கதவு இருந்தது, குமிழில் ஒரு துண்டு தொங்கியது.

"நேத்து சாயங்காலம் எங்கே இருந்தீங்க மாமா?"

"இங்கேதான்."

"என்ன செஞ்சிட்டிருந்தீங்க?"

"மாவு."

"கூடத்துல ஏதாவது சத்தம் கேட்டுதா?"

"எனக்குக் காது மந்தம்."

பெர்த்து கோபமாக இருக்கிறான் என்று ரீக்கா சொன்னதும் அவர் பென்சில் நின்றது. அந்தப் பெயரை இந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்று ஏழு வருஷத்துக்கு முன்னால் சொன்னவரே அவர்தான். ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது.

"பன்னிரண்டு கிலோ மீன் கைவிட்டுப் போனா எவனுக்கும் கோபம் வரும்" என்றார் கடைசியில்.

ரீக்கா பன்னைக் கடித்தாள். மெத்தென்று இருந்தது. கிறிஸ்துமஸுக்கு இதே வீட்டில் இதே பன்னைக் கடித்துப் பல்லைப் பிடித்துக்கொண்டது ஞாபகம் வந்தது. குளிரில் மாவு பொங்கவே மாட்டேன் என்கிறது என்று அப்போது ஆர்வோ புலம்பினார். வாசலுக்கு வந்து பூட்ஸை மாட்டும்போது சாக்ஸின் அடியில் பச்சைப் பெயிண்ட் செதில் ஒன்று ஒட்டியிருந்தது. தட்டிவிட்டுப் போனாள்.

*

புதன்கிழமை மாலை ரீக்காவே வந்து உட்கார்ந்து, விளையாட்டில் மூன்று மணி நேரம் மீன் பிடித்தாள். பெட்டி முனகக்கூட இல்லை. திரையில் வெயில் தண்ணீர்மேல் அசைந்துகொண்டே இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்கக் கண் செருகியது. விழித்திருக்கிறோமா தூங்குகிறோமா என்றே அவளுக்குத் தெரியவில்லை. தூரத்தில் யாரோ மாவு பிசைகிற மாதிரி, தப் தப் என்று தண்ணீர் படகில் மோதியது.

ரீக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இல்க்கா, நீ அந்த சால்மன் விஷயத்தை யார்கிட்டல்லாம் சொன்னே?"

"உன்கிட்ட மட்டும்தான். மிர்வா என்கிட்டப் பேசறதே இல்லை."

"எத்தனை கிலோன்னு உங்க அப்பாகிட்ட?"

"அவர்கிட்ட பெர்த்து பேரைச் சொல்லிட்டு உயிரோட இருக்கவா?"

ரீக்கா மூக்கைத் தேய்த்துக்கொண்டாள். எழுந்து, பெட்டியின் பின்பக்கத் துளையில் ஒட்டியிருந்த வெள்ளையை விரலில் தொட்டு, முகர்ந்து பார்த்து, நாக்கில் வைத்தாள். இல்க்கா அவளை ஒரு மாதிரி பார்த்தான்.

"சனிக்கிழமை வழக்கம்போல விளையாடு" என்றாள். "யார்கிட்டயும் எதுவும் சொல்லாதே. மிர்வாகிட்ட மட்டும் மன்னிப்புக் கேட்டுடு."

"அப்போ அவ இல்லையா?"

"அவ இல்லை. முதல்ல மாடிக்குப் போ."

*

சனிக்கிழமை. ரீக்கா கூடத்து மூலையில் உட்கார்ந்திருந்தாள். பெர்த்து ஏரிக்கு வந்தான், ஆனால் குரலில் ஒட்டுதல் இல்லை. இதுதான் கடைசி என்று சொல்லிவிட்டே தூண்டிலைப் போட்டான். இல்க்கா மிதவையைத் தப்பான இடத்தில் எறிந்தான். சௌனாவை முடித்துவிட்டு ஈரத் தலையோடு மிர்வா அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவன் நகர்ந்து இடம் விட்டான்.

ஆறு மணி தாண்டியதும் விசிறி சீறத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் அலறியது.

"பெர்த்து, கொஞ்சம் இரு. நான் ரீக்கா பேசறேன்" என்றாள் ரீக்கா. "நீங்க ரெண்டு பேரும் என்கூட வாங்க. சத்தம் போடாம."

மூவரும் சமையலறை வாசலில் போய் நின்றார்கள்.

திறந்ததே இல்லை என்ற பச்சைக் கதவு அகலத் திறந்திருந்தது. விளிம்பில் பெயிண்டைக் கத்தியால் நூல் பிடித்த மாதிரி கீறியிருந்தது. அலமாரிக்குள், கேம் பெட்டி சூடான காற்றைத் துப்புகிற துளைகளோடு ஒட்டி, கம்பளித் துண்டு சுற்றிய பெரிய மாவுச் சட்டி. அதன் பக்கத்தில், முக்காலியில், அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு ஆர்வோ உட்கார்ந்திருந்தார். கண் மூடியிருந்தது.

ரீக்கா முதலில் சட்டியை வெளியே எடுத்தாள். விசிறியின் அலறல் சீறலானது, சீறல் மூச்சானது. பெட்டி பிழைத்துக்கொண்டது.

ஆர்வோ கண்ணைத் திறந்தார். திருடிய பையன் மாதிரி எழுந்து நின்றார்.

"குற்றவாளி இந்த மாவு" என்றாள் ரீக்கா. "பெட்டி மூச்சு விடற இடத்தை இது அடைச்சுடுது. சூடு தாங்காம அது அணைஞ்சுடும். சத்தம் நின்னதும் மாமா சட்டியை எடுத்துக்கிட்டுக் கதவைச் சாத்திடுவார். நீ குனிஞ்சு பார்க்கறப்போ ஒண்ணும் இருக்காது. சுவர்ச் சுண்ணாம்புன்னு சொன்னியே, அது கோதுமை மாவு. ஏலக்காய் வாசனை வருது. போன ஞாயித்துக்கிழமை நான் சாட்சியத்தையே தின்னுட்டுப் போயிருக்கேன்."

இல்க்காவுக்குச் சிரிப்பதா கத்துவதா என்று தெரியவில்லை. "அப்பா, சத்தம் நின்னா எதுக்கு எடுத்தீங்க? மாவு பொங்கற வரைக்கும் வெச்சிருக்கணுமே."

"நின்னா விளையாட்டு முடிஞ்சுதுன்னு நெனச்சேன்" என்றார் ஆர்வோ. "அதுக்கப்புறம் இங்கே உக்காந்து என்ன பண்றது?"

ரீக்கா தணிந்த குரலில் சொன்னாள்: "மாவை வைக்கணும்னா சௌனா வாசல்ல வெச்சிருக்கலாம், அங்கே நல்ல சூடு. அதுக்காக யாரும் பெயிண்டைக் கீற மாட்டாங்க. இந்த வீட்டுல சால்மன் எடை தெரிஞ்சவங்க ரெண்டே பேர். ஒருத்தன் விளையாடினவன். இன்னொருத்தர் காது மந்தம்னு சொன்னவர். மாமா, கதவைத் திறந்தது மாவுக்காக இல்லையே?"

ஆர்வோ தலையை ஆட்டினார். இல்லை என்று.

"ஜனவரியில ஒருநாள் சுவத்துக்குப் பின்னாடி குரல் கேட்டுது" என்றார். "என்ன பேசறான்னு புரியலை. அதான்." துண்டின் நுனியைத் திருகினார். "சும்மா உக்காந்திருந்தா யாராவது பார்த்துக் கேப்பாங்க. சட்டி இருந்தா கேக்க மாட்டாங்க."

ஏழு வருஷமாக ஒரு பெயரைச் சொல்லவிடாமல் இருந்த மனிதர், அந்தக் குரலைக் கேட்பதற்கு ஒரு சட்டி மாவைத் துணைக்கு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். உட்கார்ந்து, அந்தக் குரலைத் தானே அணைத்துக்கொண்டிருக்கிறார். மிர்வா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுடைய பழைய கோபமும் அந்தக் கணத்தில் இளகிப்போனது.

அலமாரிக்குள்ளிருந்து, இருட்டின் அந்தப் பக்கத்திலிருந்து, தண்ணீர்ச் சத்தத்தோடு பெர்த்துவின் குரல் வந்தது. "டேய், எங்கேடா போனே? மறுபடியும் பிளக்கா?"

இல்க்கா வாயைத் திறந்தான். ரீக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆர்வோ முக்காலியில் மெல்ல உட்கார்ந்து, அலமாரிக்குள் குனிந்து, கப்பலில் கூப்பிடுகிற மாதிரி உரக்கச் சொன்னார்.

"பிளக் இல்லை. நான்தான்."

பெட்டி அணையவில்லை. ஏரியில் எங்கோ ஒரு பறவை கூவியது. மீன் துள்ளி விழுந்தது.

"அப்பா?"

"ம்."

"என்ன பண்றீங்க அங்க?"

"பன்."

மறுபடி தண்ணீர்ச் சத்தம். "ஏலக்காய் போட்டீங்களா?"

"இடிச்சுப் போட்டேன். கடைப்பொடி இல்லை." ஆர்வோ அலமாரிக்குள் இன்னும் குனிந்தார். "நான் அன்னிக்கு உன்கிட்டக் கேக்காம இந்த வீட்டை எழுதினது தப்பு. உன் பேரைச் சொல்லக் கூடாதுன்னது அதைவிடத் தப்பு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "அப்பா, மீன் இழுக்குது. இருங்க. எங்கேயும் போயிடாதீங்க."

"போகலை" என்றார் ஆர்வோ. "இங்கேதான் இருக்கேன்."

இல்க்கா கூடத்துக்கு ஓடினான். திரையில் கோடைக்காலம் அப்படியே இருந்தது. மிர்வா இன்னொரு முக்காலியை இழுத்துப் போட்டு மாமனார் பக்கத்தில் உட்கார்ந்து, கல்யாணத்துக்கு வராததற்குப் பெர்த்துவை நன்றாகக் கேட்டாள். அவனும் வாங்கிக்கொண்டான். மாவுச் சட்டியை எல்லோரும் மறந்துபோனார்கள். அது குளிர்ந்த மேஜையில் கிடந்தது, பொங்கவே இல்லை.

மறுநாள் காபிக்கு வந்த பன் கல்லாக இருந்தது. ரீக்கா இரண்டு தின்றாள்.