காரணம் கேட்டார்கள்

லிஃப்ட் கதவு மூடப்போன நேரத்தில் ஒரு குடை உள்ளே நீண்டது. அதன் பின்னாலேயே ஒருவன். குடையிலிருந்த மழை மொத்தமும் அவள் காலணிக்குள் இறங்கியது.

இன்டர்வியூவுக்கென்று அக்காவிடம் இரவல் வாங்கிய காலணி.

"கண்ணு தெரியலையா?"

"தெரிஞ்சுதுங்க... அதான் தடுமாறிட்டேன்."

முறைத்தாள். அவன் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டான். இமையில் ஒரு மழைத்துளி விழாமல் நின்றது... சே, இதெல்லாம் உனக்கு எதற்கு என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

பத்தாவது மாடியில் இருவரும் ஒரே கதவை நோக்கி நடந்தார்கள். கம்பெனிகளுக்கு ஆலோசனை சொல்லும் நிறுவனம். காலியிடம் ஒன்றே ஒன்று. அவள் வீட்டில், ஆலை மூடிய நாளிலிருந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கும் அப்பா. அவள் சம்பாதித்தால்தான் தம்பி கல்லூரி வாசலை மிதிக்க முடியும்.

முதலில் குழு விவாதம். நஷ்டத்தில் ஓடும் தொழிற்சாலையை எப்படிக் காப்பாற்றுவது? குடைக்காரன் மடமடவென்று கணக்குப் போட்டான்.

"பாதி ஆட்களைக் குறைச்சா நிமிர்ந்துடும்."

"அந்தப் பாதியில உங்க அப்பா இருந்தா?"

நாக்கு முந்திக்கொண்டது. குரலும் கொஞ்சம் உடைந்துவிட்டது.

அவன் அவளைப் பார்த்தான்... நீளமாக. அதன்பிறகு வாயே திறக்கவில்லை. மற்றவர்கள் சந்தைக்கடையாக இரைந்துகொண்டிருந்தார்கள்.

இடைவேளையில், தண்ணீர் குடிக்க வந்தவனை மடக்கினாள்.

"பேசலைன்னா மார்க் போயிடும்னு தெரியாதா?"

"தெரியும். நீங்க கேட்டதுக்கு என்கிட்ட பதில் இல்ல. இல்லாத பதிலை எப்படிங்க சொல்றது?"

அவளுக்குள் எதுவோ இளகியது.

தனி நேர்காணலில், மூக்குக்கண்ணாடி போட்ட பெண் அதிகாரி கடைசிக் கேள்வியைக் கேட்டார். எல்லோரிடமும் கேட்பதுதான்.

"உங்க குழுவுல ஒருத்தரை நீங்களே எடுக்கணும்னா யாரை எடுப்பீங்க? காரணத்தோட சொல்லுங்க."

போட்டிக்கு நிற்பவனைத் தூக்கிவிடுவதா? அப்பாவின் முகம் வந்து போனது. ஆனாலும்...

"குடையோட வந்தாரே, அவரை. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி அவர் பேசலை."

"அவர் உங்களைச் சொல்லலையே. யாரையுமே சொல்லாம எழுந்து போயிட்டார். இப்பவும் அதே பதிலா?"

பொட்டில் அறைந்தது போலிருந்தது. மாற்றிச் சொல்லு, மாற்றிச் சொல்லு என்றது ரோஷம். காலணிக்குள் ஈரம் சில்லிட்டது.

"அதே பதில்தான், மேடம்."

மாலையில் முடிவைச் சொன்னார்கள். வேலை அவளுக்கு.

அப்பாவுக்குப் போனில் சொல்லிவிட்டு இறங்கினாள். கீழே வாசலில் மழை விட்டபாடில்லை. குடையிருந்தும் விரிக்காமல் நின்றிருந்தான் அவன்.

"வாழ்த்துகள்ங்க."

"நான் உங்களைத்தான் சொன்னேன். உங்களுக்கு என்னைச் சொல்ல வாய் வரலை, இல்ல?"

"வந்துச்சு... காரணம் கேட்டாங்களே."

"ஏதாவது ஒண்ணு சொல்லியிருக்கலாமே. வேலை போச்சே உங்களுக்கு."

"எனக்கிருந்தது ஒரே காரணம்தாங்க. அதுக்கும் வேலைக்கும் சம்பந்தமில்ல." குரல் தழைந்தது. "லிஃப்ட்லயே வந்துட்ட காரணம்."

அவள் ரோஷம் போன இடம் தெரியவில்லை. அவன் கையிலிருந்த குடையை வாங்கி, தானே விரித்தாள்.

"என்கிட்ட சொல்லலாமே... மார்க் குறைக்க மாட்டேன்."

"உங்களைப் பிடிச்சிருக்கு," என்றான், தரையைப் பார்த்து. "உங்களுக்கு...?"

குடையை அவன் பக்கம் சாய்த்தாள். அவள் தோள் நனைந்தது.

"அதே பதில்தான்."