நாற்பத்தொரு சிவப்புக் குறிகள்

“இந்த ரோட்டுல அசையாம நின்ன ஒண்ணையாவது விட்டு வச்சீங்களா?”

குரல் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. நெரிசா பிளம்மர் கையில் தூரிகையோடு சட்டென்று திரும்பினாள். திரும்பிய வேகத்தில் சுண்ணாம்பு ஒரு சொட்டு தெறித்து, எதிரே நின்றவனின் கன்னத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

நெடுநெடுவென்ற உயரம். தோளில் கருவி நிறுத்துகிற முக்காலி ஒன்று. முகம் முழுக்கக் கோபம். அந்தக் கோபத்துக்கு நடுவே இரண்டு கண்கள்... மழைக்குச் சற்று முந்தின கடலைப் போல, ஆழமாய், கறுப்பாய்...

‘சண்டைக்கு வருகிறவனுக்கு எதற்கு இத்தனை அழகான கண்கள்?’ என்று மனம் ஓரமாய் முணுமுணுத்தது. அவளுக்குள் இருந்த ஆசிரியை அந்த மனத்தை அதட்டிக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தாள்.

“முதல்ல குட் மார்னிங் சொல்லுங்க. அப்புறம் சண்டை போடலாம்.”

மரத்தடியில் வெள்ளையடித்துக்கொண்டிருந்த இருபத்து நான்கு மாணவர்களும் ஒரே நேரத்தில் இருமினார்கள். தீவின் போர்ட்லண்ட் பக்கத்தில் கொலை செய்தவனைக்கூட மன்னித்துவிடுவார்கள். காலை வணக்கம் சொல்லாமல் வாயைத் திறந்தவனை மன்னிக்க மாட்டார்கள். அது அவனுக்கும் தெரியும். கோபத்தை விழுங்கிக்கொண்டு அவளுக்கு ஒன்று, மாணவர்களுக்குப் பொதுவாக ஒன்று என்று இரண்டு குட் மார்னிங் சொன்னான்.

“இப்ப சொல்லுங்க மிஸ். என் சிவப்புக் குறியெல்லாம் எங்க?”

நெரிசா சாலையைப் பார்த்தாள். முச்சந்தியிலிருந்து பாலர் பள்ளி வாசல் வரை, அரை மைல். வாதுமை மரங்கள் எல்லாம் இடுப்பு வரை பளீரென்ற வெள்ளை. ஓரக் கற்கள் வெள்ளை. வேலிக் கம்பம் வெள்ளை. நேற்று மாலை அவற்றின் மேல் சிவப்பாய் ஏதோ கோடும் எண்ணும் கிறுக்கியிருந்தது ஞாபகம் வந்தது. வேலையற்ற யாரோ செய்த அசிங்கம் என்று நினைத்து, அங்கே இன்னும் அழுத்தித் தேய்க்கச் சொன்னவளும் அவள்தான்.

மே மாதத்து உழைப்பு நாள், இந்த வருஷம் வெள்ளிக்கிழமை. தீவு முழுக்க விடுமுறை. ஆனால் அன்றைக்கு வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்தவனைப் பக்கத்து வீட்டு நாய்கூட மதிக்காது. ஆளுக்கொரு துடைப்பமோ தூரிகையோ எடுத்து ஊருக்கு ஏதாவது செய்தாக வேண்டும். உயர்நிலைப் பள்ளியின் சேவை மன்றம் இந்தச் சாலையைத் தேர்ந்தெடுத்தது. மன்றத்தின் பொறுப்பாசிரியை நெரிசா. மன்றத் தலைவி ஜோடியன், பதினேழு வயது, கழுத்தில் எப்போதும் ஒரு விசில். அவள் போட்ட உத்தரவு: எல்லாவற்றுக்கும் இரண்டு பூச்சு.

தன் பெயர் லின்வால் டக்கர், நில அளவையாளன் என்றான். மூன்று சாயங்காலம் அளந்து போட்ட நாற்பத்தொரு குறிகளும் அந்த இரண்டு பூச்சுக்கு அடியில் இருந்தன. ஒவ்வொரு குறியும் மழைநீர்க் கால்வாய் எவ்வளவு ஆழத்தில் ஓட வேண்டும் என்பதற்கான கணக்கு.

ஒரு மன்னிப்போடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். சொல்லத்தான் வாயெடுத்தாள். அதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

“இன்னிக்கு ஒரு நாள் வாளி தூக்குவீங்க. நாலு போட்டோ எடுப்பீங்க. அதோட உங்க சேவை முடிஞ்சுது...”

சுருக்கென்றது நெரிசாவுக்கு. தன்னைச் சொன்னால் தாங்கியிருப்பாள். சனிக்கிழமை தவறாமல் அநாதை முதியோர் விடுதிக்குப் போய்த் தலை அலசிவிட்டு, நகம் வெட்டிவிட்டு வருகிற பிள்ளைகளை அல்லவா சொல்லிவிட்டான்...

“ஒரு அறிவிப்புப் பலகை நட்டு வைக்கத் துப்பில்லாதவங்க எங்களுக்குச் சேவை சொல்லித்தர வேண்டாம் மிஸ்டர் டக்கர். கன்னத்துல சுண்ணாம்பு இருக்கு. துடைச்சிட்டுப் போங்க.”

அவன் துடைக்கவில்லை. முக்காலியைத் தோளில் மாற்றிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தான். அந்த வெள்ளைப் பொட்டோடு அவன் போவதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். ஏனோ வரவில்லை.

பகல் பன்னிரண்டுக்கு, பாலர் பள்ளித் தலைமையாசிரியை மிஸ் ஐசில்டா பர்க் வறுத்த மீனும் மரவள்ளிக்கிழங்கில் சுட்ட பாமி அடையும் ஒரு பெரிய பாத்திரத்தில் தூக்கிக்கொண்டு வந்தார். உழைக்கிற பிள்ளைகளுக்கு மதிய உணவு. மரங்களைப் பார்த்தார். பாத்திரத்தைக் கீழே வைத்தார். அப்படியே ஓரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். ஈரச் சுண்ணாம்பு பாவாடையில் ஒட்டியதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

அவர் சொன்னதைக் கேட்கக் கேட்க, நெரிசா கையிலிருந்த பாமி அடையைத் திரும்பப் பாத்திரத்திலேயே வைத்தாள். போன அக்டோபர் மழையில் வகுப்பறைக்குள் முழங்கால் தண்ணீர். நான்கு வயதுப் பிஞ்சுகளை மேஜை மேல் ஏற்றி, ஜன்னல் வழியாக ஒவ்வொன்றாய் வெளியே கொடுத்தார்களாம். கால்வாய் கேட்டு அரசாங்கத்துக்கு இரண்டு வருஷமாய் மனு. அளந்து காட்டினால் பார்க்கலாம் என்று பதில். அளக்க ஆள் வைக்கப் பள்ளிக்கு வக்கில்லை. அப்போதுதான் லின்வால் வந்தான். தன் வேலை முடிந்த பிறகு மூன்று சாயங்காலம், வெளிச்சம் போகிறவரை அளந்தான். ஒரு கிளாஸ் எலுமிச்சைச் சாறு தவிர எதையும் வாங்கவில்லை. தன் பெயரை வெளியே சொல்லக் கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டான். அதனால்தான் பலகையும் இல்லை.

திங்கட்கிழமை பத்து மணிக்குத் தலைநகர் கிங்ஸ்டனிலிருந்து பொறியாளர் வருகிறார். குறிகள் இருந்தால் கால்வாய் இந்த வருஷம். இல்லாவிட்டால் திட்டம் வேறு ஊருக்கு. அப்புறம் மறுபடியும் அக்டோபர்... மறுபடியும் ஜன்னல்...

மாணவர்கள் ஒரு மரத்தில் ஈரத்துணியால் சுண்ணாம்பைத் தேய்த்துப் பார்த்தார்கள். சுண்ணாம்போடு சிவப்பும் சேர்ந்து வந்து, மரம் ரோஜா நிறத்தில் இளித்தது.

“மிஸ்... ரெண்டு பூச்சுன்னு சொன்னது நான்தான்,” என்றாள் ஜோடியன். அவள் குரல் அவ்வளவு சின்னதாய் ஒலித்து நெரிசா கேட்டதே இல்லை.

“அழுத்தித் தேய்க்கச் சொன்னது நான். அழுறதை அப்புறம் வச்சுக்கலாம். நமக்கு எத்தனை நாள் இருக்கு?”

இரண்டு நாள். அதிலும் ஒரு சிக்கல். மன்றத்தில் பாதிப் பேர் ஞாயிறு சபைக்காரர்கள், மீதிப் பாதி சனிக்கிழமை சபைக்காரர்கள். நெரிசாவும் சனிக்கிழமைதான். அவள் அப்பா சபை மூப்பர். வெள்ளி சூரியன் சாய்ந்ததிலிருந்து சனி சூரியன் சாய்கிற வரை ஓய்வுநாள்; அவர்கள் வீட்டில் அடுப்புகூட எரியாது. ஜோடியன் நொடியில் பிரித்துவிட்டாள். ஞாயிறுக்காரர்கள் சனிக்கிழமை வேலைக்கு, சனிக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு.

லின்வாலைப் போய்க் கூப்பிட வேண்டுமே... நெரிசா ஜோடியனை அனுப்பினாள். சூரியன் இறங்கப் போகிறது, எனக்கு நேரமில்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். உண்மை அதுவல்ல. கால் எழவில்லை. கர்வத்துக்குக் கனம் அதிகம்.

சனிக்கிழமை முழுவதும் சபையின் தகரக் கூரையில் மழை கொட்டியது. அப்பா ஜெபித்துக்கொண்டிருந்தார். நெரிசா கண்ணை மூடினாள். மூடிய இமைக்குள்ளே அரை மைல் சாலை... நனைந்துகொண்டிருக்கும் பன்னிரண்டு பிள்ளைகள்... கன்னத்தில் வெள்ளைப் பொட்டோடு ஒருவன்... ‘என்னை மன்னியும்’ என்றாள். கடவுளிடம் சொன்னாளா, வேறு யாரிடமாவதா என்று அவளுக்கே விளங்கவில்லை.

மழை விட்டு, சூரியன் கடலில் கால் நனைத்த அந்த நிமிஷமே வெள்ளை உடுப்போடு சாலைக்கு நடந்தாள். முச்சந்தியில் தன் அப்பாவின் டாக்ஸிக்காகக் காத்திருந்தாள் ஜோடியன். அவள் முழங்கால் வரை சேறு பூசியிருந்தது, இரண்டு பூச்சு.

“மிஸ், ‘உங்க மிஸ் இன்னும் கோபமா இருக்காங்களா’ன்னு சார் காலையிலேர்ந்து ஏழு தடவை கேட்டுட்டாரு. எட்டாவது தடவை கேட்டா விசில் அடிக்கலாம்னு இருந்தேன்.”

“நீ என்ன சொன்னே?”

“அவங்க கோயிலுக்குப் போயிருக்காங்க, கோபத்தைக் கூடவே கொண்டு போயிருக்காங்களான்னு தெரியலைன்னேன்.”

அவன் மரத்தடியில் கருவியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றான். இருவரும் ஒரே நேரத்தில் வாயெடுத்து, ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள்.

“நான் மன்னிப்புக் கேக்க வந்தேன். நேத்தே வந்திருக்கணும்...”

“நான் கேக்க வேண்டியது,” என்றான் லின்வால். ஒரு நாள் முழுக்கச் சேர்த்து வைத்திருந்ததை அவன் மெதுவாக, தடுக்கித் தடுக்கிச் சொன்னான். மழை பிடித்ததும் பிள்ளைகள் ஓடிவிடுவார்கள் என்றுதான் நினைத்தானாம். ஒரு பெண் தன் மழைக்கோட்டைக் கழற்றிக் கருவிக்குப் போர்த்திவிட்டு நனைந்தபடி நின்றிருக்கிறாள். ஒன்பது மணிக்கு நாலு பேர் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டார்கள். எங்கே என்றான். விடுதியில் கிழவர்கள் தலை அலசக் காத்திருப்பார்கள், சொன்ன சொல் தப்பக் கூடாது என்றார்கள். போய்விட்டு ஈரக் கையோடு ஓடி வந்தார்கள்.

“போட்டோ எடுக்க ஒருத்தனும் போனைத் தொடல மிஸ் பிளம்மர். நேத்து நான் பேசினது... இந்தப் பிள்ளைங்களை வளர்த்தவங்க முகத்தைப் பார்த்து நான் பேசியிருக்கக் கூடாத பேச்சு.”

நெரிசாவுக்குக் கண் கலங்கியது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் மன்றத்தைப் புகழ்ந்திருக்கிறார்கள். மேடையில், மாலையோடு. சேற்றில் நின்று, குரல் உடைந்து, ஒருவரும் புகழ்ந்ததில்லை.

“எத்தனை குறி முடிஞ்சுது?”

“இருபத்தொண்ணு.”

“நாளைக்கு இருபது. விடிஞ்சதும் நான் கோல் பிடிக்கிறேன்.”

பிடித்தாள். ஞாயிறு முழுக்கப் பிடித்தாள். இலக்கம் எழுதிய உயரமான அளவுகோலை நெட்டுக்குத்தாய் நிறுத்தி, அசையாமல் நிற்பதுதான் வேலை. அவன் நூறடிக்கு அப்பால் ஒரு கையைத் தூக்கிக் காட்டி, கருவிக் கண்ணாடியில் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்ப்பான். இலக்கத்தை எழுதிக்கொண்டு கையை இறக்குவான். அப்புறம் அடுத்த மரம். சில சமயம் கை இறங்கவே நேரமாகும்... அவளுக்குத் தோள் கழன்றுவிடும் போல் வலிக்கும். ஆனாலும் நின்றாள். சனி சபைப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரும் கல் சுமந்தார்கள், ஆணி அடித்தார்கள், சுட்ட ஈரப்பலாக் காயைப் பிட்டுப் பிட்டு எல்லாருக்கும் கொடுத்தார்கள். நாலு மணிக்கு நாற்பத்தொன்றாவது குறியை, பாலர் பள்ளி வாசல் தூணில், மிஸ் ஐசில்டா தம் கையாலேயே சிவப்பால் இட்டார்.

திங்கட்கிழமை. பத்து மணி.

பொறியாளர் ஒரு குட்டையான அம்மாள். ரப்பர் பூட்ஸ். சிரிப்பு என்ற சமாச்சாரமே அவர் முகத்துக்கு அறிமுகமில்லை. தன் சொந்தக் கருவியை நட்டு, தன் இஷ்டத்துக்கு ஏழு குறிகளைச் சோதித்தார். அனுமதி வாங்கிக்கொண்டு வந்திருந்த நெரிசாவும் ஜோடியனும் மூச்சு விட மறந்து நின்றார்கள். ஆறு சரி. ஏழாவதாக அவர் போய் நின்றது முப்பத்தேழாம் குறி. லின்வாலின் நெற்றியில் வியர்வை அரும்பியதை நெரிசா பார்த்தாள். ஏன் இதற்கு மட்டும்...

“சரி,” என்றார் அம்மாள். புத்தகத்தை மூடினார். “யார் அளந்தது?”

“சேவை மன்றம்,” என்றான் லின்வால்.

“இல்லை மேடம், இவர்தான். நாங்க அழிச்சோம், இவர் மறுபடியும் அளந்தார்,” என்றாள் நெரிசா.

“நேத்து இருபது தடவை கோலைச் சுமந்தது இவங்கதான் மேடம்...”

“யாராவது ஒருத்தர் பேரைச் சொல்லித் தொலைங்க. எனக்குப் பசிக்குது,” என்றார் அம்மாள். கடைசியில் இரண்டு பேரையுமே எழுதிக்கொண்டார். ஆகஸ்டுக்குள் கால்வாய் வெட்ட ஆரம்பித்துவிடலாம் என்று சொல்லிவிட்டு வண்டியேறினார். பாலர் பள்ளி ஜன்னலில் முண்டியடித்த சின்ன முகங்களுக்கு என்ன புரிந்ததோ, கைதட்டின. மிஸ் ஐசில்டா அழுதுகொண்டே அவர்களை அதட்டினார்.

ஜோடியன் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். தனக்குக் கணக்குப் பாடம் இருப்பதாகச் சொல்லிவிட்டு ஓடினாள். கணக்குப் பாடம் நாளைக்குத்தான்.

தூறல் போட்டது. இருவரும் வாதுமை மரத்தடியில் ஒதுங்கினார்கள். மழைத்துளி ஒன்று அவள் இமையில் விழுந்து, விழ மனமில்லாமல் அங்கேயே தொங்கியது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அந்த முப்பத்தேழுக்கு ஏன் அப்படி வேர்த்துச்சு உங்களுக்கு?”

அவன் சாலையைப் பார்த்தான். கடலைப் பார்த்தான். தப்பிக்க வழியில்லை.

“அது நேத்து மூணு அங்குலம் தப்பாப் போயிருந்துச்சு. ராத்திரி கணக்குப் பார்த்தப்பதான் தெரிஞ்சுது. இன்னிக்கு விடியக்காலை வந்து தனியாத் திருத்தினேன். எட்டு வருஷமா அளக்கறேன் மிஸ் பிளம்மர்... நான் தப்பா எழுதின முதல் இலக்கம் அதுதான்.”

“எப்படித் தப்பாச்சு?”

“கண்ணாடியில கோலைப் பார்க்கணும்.” அவன் குரல் தூறலுக்கும் கீழே இறங்கியது. “நான் கோலைப் பார்க்கல. அது பழைய கருவி. அதுல எல்லாமே தலைகீழாத்தான் தெரியும். உங்க முகமும் தலைகீழாத்தான் தெரிஞ்சுது... அப்படியும் என்னால கண்ணை எடுக்க முடியல, நெரிசா.”

முதல் முறையாகப் பெயர். நெரிசாவின் காது மடல் வரை சூடு ஏறியது. ஆசிரியை எங்கேயோ ஓடி ஒளிந்துகொண்டாள். கடைசி பெஞ்சு மனம் எழுந்து முன்னால் வந்து நின்றது.

“எனக்குத் தெரியும்,” என்றாள் மெல்ல.

“என்ன தெரியும்?”

“கண்ணாடி கோலுக்கு நேரா இல்லைன்னு. அங்கேயிருந்தே தெரிஞ்சுது.” அவள் நிமிர்ந்து, அந்தக் கறுத்த கண்களை முதல் தடவையாகத் தயங்காமல் பார்த்தாள். “இல்லேன்னா தோள் அந்த வலி வலிக்கையில... நான் எதுக்கு லின்வால் அவ்வளவு நேரம் அசையாம நிக்கப் போறேன்?”