ஒரே ஆள்... இரண்டு ரத்தம்!

டெலிபோன் அலறியது.

காலை எட்டே கால். உறுப்பு மாற்று சிகிச்சைப் பிரிவின் கோ-ஆர்டினேட்டர், தோளில் தொங்கிய கைப்பையைக் கூட இறக்காமல் ரிசீவரை எடுத்தாள்.

"மேடம், லேப்லேருந்து பேசறேன். உங்க கிட்னி டோனர் நல்லாத்தானே இருக்காரு?"

"ஏன்... என்னாச்சு?"

"வெள்ளிக்கிழமை விரல்ல குத்திப் பாத்தப்ப ஓ பாசிட்டிவ். நேத்து எடுத்த ரத்தம் பி பாசிட்டிவ். மூணு நாள்ல மனுஷன் மாறலாம். ரத்த குரூப் மாறுமா?"

"திரும்பப் பாத்தீங்களா?"

"மூணு தடவ பாத்தாச்சு. எலும்பு மஜ்ஜை மாத்தினவங்களுக்குத்தான் குரூப் மாறும். சனி ஞாயிறு லீவுல போய் அதை மாத்திட்டு வந்திருக்க மாட்டாருன்னு நினைக்கறேன்."

"மத்த ரிசல்ட்?"

"மெஷின் ஓடிட்டிருக்கு. வந்ததும் கூப்பிடறேன்."

லைன் துண்டானது.

அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெயர் 'கொக்கி'. யார் எந்தப் பதில் சொன்னாலும் அதன் வாலில் ஒரு கேள்வியை மாட்டி இழுப்பாள். அவளிடம் பேசும்போது பெரிய டாக்டர்களே வார்த்தையை அளந்துதான் விடுவார்கள்.

கொக்கி நீல நிற ஃபைலின் நகலை எடுத்துப் பிரித்தாள்.

நோயாளி... தையல் கடை நடத்தும் பெண். வயது நாற்பத்தி நான்கு. இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு இரண்டு வருடம். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஊசி ஏற்றுகிற இடது கை ரத்தக்குழாய் அடைத்துப்போய், வலது கையில் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் அதிக நாள் தாங்காது என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது.

அவளுக்கு ஓ குரூப். ஓ குரூப் சிறுநீரகம்தான் ஒத்துப்போகும்.

கொடுப்பவன் அவள் தம்பி. லிஃப்ட் மெக்கானிக். டெஸ்ட் எல்லாம் சரியாக வந்தால் ஆபரேஷனுக்கு இன்னும் பத்து நாள். அவனை விட்டால் அவளுக்கு வேறு நாதியில்லை.

அந்தத் தம்பி பெயர் ஒட்டிய டியூபில் யாருடைய ரத்தம்?

பதினோரு வருட அனுபவத்தில் கொக்கிக்குத் தெரிந்த காரணங்கள் இரண்டு. ஒன்று, கொடுக்கப் பயம். வீட்டில் முடியாது என்று சொல்லத் துணிச்சல் இல்லாமல் தில்லுமுல்லு செய்வார்கள். இன்னொன்று, காசுக்கு ஆள் பிடித்து உறவுக்காரன் பெயரில் அனுப்பும் கிட்னி புரோக்கர். முதலாவது பரிதாபம். இரண்டாவது ஜெயில்.

கொக்கி எழுந்தாள்.

* * *

ஆஸ்பத்திரியின் பாதுகாப்பு அதிகாரி, ரிட்டயரான போலீஸ் இன்ஸ்பெக்டர். கையில் லத்தி இல்லாவிட்டாலும் எல்லோரும் அவரை 'லத்தி' என்றுதான் சொன்னார்கள். ஜன்னல் இல்லாத அறையில் நான்கு டி.வி.க்களுக்கு முன்னால் அவர் உட்கார்ந்திருந்தார்.

"நேத்து காலைல ஒன்பதே முக்கால் மேடம். இதான் உங்க ஆளு."

திரையில் தம்பி வந்தான். கட்டம் போட்ட சட்டை. முகத்தில் மாஸ்க். கையில் நீல ஃபைல். நேராக ஆண்கள் கழிப்பறைக்குள் போனான்.

நான்கு நிமிடம்.

கதவு திறந்தது. அதே கட்டம் போட்ட சட்டை. அதே மாஸ்க். அதே நீல ஃபைல்...

"நிறுத்துங்க சார்."

கொக்கி திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"உள்ள போறப்ப அறுபது கிலோ. வெளிய வர்றப்ப தொண்ணூறு கிலோ. நம்ம பாத்ரூம்ல அப்படி என்ன சார் விருந்து வைக்கறாங்க?"

"சட்டைல ரெண்டு பட்டன் போடவே இல்ல பாருங்க. போட்டா தெறிச்சு நர்ஸ் மேல விழும்."

தொண்ணூறு கிலோ மாஸ்க் ரத்தம் எடுக்கும் கவுன்ட்டரில் உட்கார்ந்தது. பெயர் கேட்டார்கள், சொன்னது. பிறந்த தேதி கேட்டார்கள். மாஸ்க் மெதுவாகத் தன் உள்ளங்கையைப் பார்த்துவிட்டுச் சொன்னது.

லத்தி மீசையைத் தடவிக்கொண்டார்.

"எழுதி வெச்சுக்கிட்டு வந்திருக்கான். புரோக்கர் வேலைதான், சந்தேகமே இல்ல. ஸ்டேஷனுக்குப் போன் போடறேன்."

"அரை மணி நேரம் குடுங்க. தம்பிக்காரன் இப்ப டயாலிசிஸ் வார்டுலதான் இருக்கான். நான் பேசிடறேன்."

"அதுக்குள்ள அந்தக் குண்டன் ஓடிட்டான்னா?"

"தொண்ணூறு கிலோ சார். ஓடினா பின்னாலயே நடந்து போய்ப் புடிச்சிரலாம்."

* * *

கொடுப்பவர்களோடு தனியாகப் பேசுவதற்கென்றே ஓர் அறை உண்டு. இரண்டு நாற்காலி, ஒரு டிஷ்யூ பெட்டி, உள்தாழ்ப்பாள். உறவுக்காரர்கள் யாருக்கும் அங்கே அனுமதி கிடையாது.

தம்பி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். நீல ஃபைலை மார்போடு அணைத்திருந்தான்.

"இங்க பேசறது இந்த நாலு சுவரைத் தாண்டாது," என்றாள் கொக்கி. "குடுக்க இஷ்டமில்லன்னா ஒரு வார்த்தை சொல்லுங்க போதும். 'இவர் குடுக்கத் தோதில்ல'ன்னு நாங்களே உங்க அக்காகிட்ட சொல்லிடுவோம். ஏன்னு யார் கேட்டாலும் சொல்ல மாட்டோம். உங்க மேல ஒரு பழியும் வராது. எத்தனையோ பேருக்கு இப்படிச் செஞ்சிருக்கோம்."

அவன் முகம் வெளுத்தது.

"யாரு மேடம் இஷ்டமில்லன்னு சொன்னது?"

"உங்க டியூப்ல இருந்த ரத்தம் சொல்லுது. அது உங்களுது இல்ல. பாத்ரூம்ல சட்டை மாத்திக்கிட்டதும் தெரியும். குடுக்காம தப்பிக்கணும்னா ஒரு 'வேண்டாம்' போதுமே. எதுக்கு இவ்ளோ கஷ்டம்?"

"தப்பிக்கவா?"

அவன் குரல் உடைந்தது.

"குடுக்கணும்னுதான் மேடம் இதைச் செஞ்சேன்!"

கொக்கி தன் நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"எனக்கு தலசீமியா மைனர். பொறந்ததுலேருந்து ரத்த அணுவெல்லாம் சின்னச் சின்னதா இருக்கும். எப்பவும் கொஞ்சம் சோகை. மத்தபடி எட்டு மாடி ஏறி எறங்கி வேலை பாக்கறேன்."

"சரி... அதுக்கு?"

"எங்க கம்பெனில வருஷா வருஷம் ரத்ததான முகாம். மூணு வருஷம் வரிசைல நின்னேன். மூணு வருஷமும் 'ரத்தம் கம்மி'ன்னு கையில பிஸ்கட்டைக் குடுத்து அனுப்பிட்டாங்க. ஒரு பாட்டில் ரத்தமே வேண்டாம்னவங்க, முழு கிட்னியை வாங்குவாங்களா மேடம்?"

"அதனால?"

"நல்ல ரத்தமா ஒண்ணு தேடினேன்."

கொடுக்காமல் இருக்கப் பொய் சொன்னவர்கள் அவள் கணக்கில் எத்தனையோ பேர். கொடுப்பதற்காகத் திருட்டுத்தனம் செய்த ஒருத்தனை இன்றைக்குத்தான் பார்க்கிறாள். அழுகையும் வந்தது, ஓங்கி ஒரு குட்டு வைக்கலாம் போலவும் இருந்தது.

"அந்த ஃபைலைக் குடுங்க."

வாங்கினாள். முதல் பக்கத்தைத் திருப்பி அவன் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"அஞ்சாவது வரியைப் படிங்க."

"எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கு மேடம்."

"டாக்டர் எழுத்து. நான் படிக்கறேன். 'நோயாளிக்குத் தலசீமியா மைனர். தம்பிக்கும் உண்டு.' உங்க அக்கா மொதல் நாளே சொல்லிட்டாங்க. அது தெரிஞ்சுதான் உங்களை டெஸ்ட்டுக்கே வரச் சொன்னோம்!"

தம்பியின் வாய் திறந்தது. மூட மறந்துவிட்டது.

"அப்ப... எடுத்துப்பீங்களா?"

"ரத்தம் குடுக்கறதுக்கு ஒரு கணக்கு. உறுப்பு குடுக்கறதுக்கு வேற கணக்கு. ரத்தத்துல ஒரு கோளாறுன்னு பேர் கேட்டதும் கதவைச் சாத்த மாட்டோம். எந்தக் கோளாறு, எவ்வளவு, எந்த உறுப்பு, ஆபரேஷனை உங்க உடம்பு தாங்குமான்னு ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாப் பாப்பாங்க. சில பேருக்கு ஆகாதுன்னும் சொல்வாங்க. ஆனா அதை டாக்டர் சொல்லணும். நீங்களே சொல்லிக்கக் கூடாது."

"ஐயோ மேடம்..."

"ஐயோதான். தலசீமியாவால வராத வினை ஆள்மாறாட்டத்தால வந்திருச்சு. அந்த இன்னொரு ஆள் யாருன்னு தெரியாம போனா, உறுப்பு தானத்துக்கு அனுமதி குடுக்கற கமிட்டி இதைப் புரோக்கர் வேலைன்னுதான் எடுத்துக்கும். உங்களை ஒதுக்கிட்டு அக்கா ஃபைலை மூடிடும். சொல்லுங்க... யாரு அது?"

அவன் தலை கவிழ்ந்தது.

"எனக்காக வந்தவரை நான் எப்படி மேடம் காட்டிக் குடுப்பேன்?"

கதவு தட்டப்பட்டது.

"காட்டிக் குடுக்கவே வேண்டாம்," என்றார் லத்தி, கதவிடுக்கில் தலையை நீட்டி. "வார்டு வாசல்லயே உக்காந்திருந்தார். நானே கூட்டிட்டு வந்துட்டேன்."

* * *

வந்தவர் தம்பியின் மச்சான். மனைவியின் அண்ணன். ஸ்கூல் வேன் ஓட்டுபவர். லத்தியின் அறை நாற்காலி அவர் உட்கார்ந்ததும் முனகியது.

"நான் மாப்பிள்ளையைக் கொண்டு வந்து விட வந்தேன் சார். ரத்தத்தைப் பாத்தாலே எனக்கு மயக்கம் வரும்."

"அப்ப முழங்கைல என்ன பிளாஸ்திரி?" கொக்கி கேட்டாள்.

"கொசு கடிச்சுது."

"கொசு கடிச்சுட்டுப் பிளாஸ்திரியும் ஒட்டிட்டுப் போச்சா?"

மச்சான் கையை மடக்கிக்கொண்டார். தம்பி அவரைப் பார்த்தான்.

"மச்சான்... சொல்லிடுங்க. இல்லன்னா அக்காவுக்கு நடக்காதாம்."

"நீ சும்மா இரு மாப்ள."

அவர் நெற்றியில் வியர்வை. போலீஸ், கேஸ், லைசென்ஸ் ரத்து என்று அவர் மனசுக்குள் ஓடிய படம் கொக்கிக்கு அவர் கண்ணிலேயே தெரிந்தது. கெட்டவர் இல்லை. பயந்தாங்கொள்ளி. பயந்தவனை மிரட்டினால் இன்னும் உள்ளேதான் போவான், ஆமை மாதிரி.

லத்தி போனை இழுத்து வைத்தார்.

"கடைசியாக் கேக்கறேன். டியூப்ல இருந்தது உங்க ரத்தமா?"

"இல்ல."

"சத்தியமா?"

"என் பொண்டாட்டி மேல சத்தியமா."

"சரி. ஸ்டேஷனுக்கே பேசிக்கறேன்."

அவர் கை ரிசீவரைத் தொடும் முன் அதுவே அடித்தது.

லேப்! கொக்கி எங்கே என்று விசாரித்து அங்கேயே கூப்பிட்டிருந்தார்கள்.

கொக்கி வாங்கினாள். கேட்டாள். "எவ்ளோ?" என்றாள். "திரும்பச் சொல்லுங்க," என்றாள். ரிசீவரை வைத்தபோது அவள் முகத்தில் விளையாட்டு இல்லை.

"மாப்பிள்ளைக்கு நல்ல ரத்தமாத் தேடிப் புடிச்சிருக்கீங்க. அந்த டியூப்ல சர்க்கரை நானூத்து முப்பத்தெட்டு. உப்பும் ஏறுமாறா இருக்கு. அந்த ரத்தத்துக்குச் சொந்தக்காரர் யாரா இருந்தாலும் இப்பவே அட்மிட் ஆகணுமாம். விட்டா எந்த நேரத்துலயும் சுயநினைவு போகலாமாம். வேன் ஓட்டிக்கிட்டிருக்கறப்போகூட."



"பாவம், யாரு பெத்த பிள்ளையோ," என்றாள் கொக்கி. "எங்க போய்த் தேடறது அவரை?"

பத்து விநாடி.

இருபது விநாடி...

மச்சானின் கை, பாடம் தெரியாத பையன் கை போலப் பாதி வரைக்கும் மேலே எழுந்தது.

"மேடம்... அந்தக் கொசு கடிச்ச ஆளு நான்தான்."

லத்தி நாற்காலியில் சாய்ந்தார்.

"முப்பது வருஷ சர்வீஸ் மேடம். அடிக்காம, அதட்டாம ஒருத்தன் தானா ஒத்துக்கிட்டு இன்னைக்குத்தான் பாக்கறேன்."

"எனக்கா சர்க்கரை?" மச்சான் குரல் கம்மியது. "ஒரு தலைவலின்னுகூடப் படுத்ததில்லயே. ஊரே என்னை இரும்புன்னு சொல்லும். குரூப்கூட ஓ பாசிட்டிவ்தான்னு லைசென்ஸைப் பாத்துட்டுத்தானே மேடம் வந்தேன்?"

"லைசென்ஸ் எடுக்கறப்ப டெஸ்ட் பண்ணிப் பாத்தீங்களா?"

"இல்ல. டிரைவிங் ஸ்கூல்ல கேட்டாங்க. எனக்குத் தெரியல. வரிசைல முன்னாடி நின்னவர் 'ஓ பாசிட்டிவ்'னார். நானும் அதையே சொல்லிட்டேன்."

கொக்கி நெற்றியில் அடித்துக்கொண்டாள். பிறகு வீல்சேர் கொண்டுவரச் சொல்லி வார்டுக்குப் போன் செய்தாள். மச்சானைத் தூக்கி உட்கார வைக்க மூன்று பேர் தேவைப்பட்டார்கள்.

* * *

நடந்தது அத்தனையையும் ஒன்றுவிடாமல் எழுதிக் கமிட்டி முன்னால் வைத்தாள் கொக்கி. ஆபரேஷன் தள்ளிப்போனது. தம்பியின் சொந்த ரத்தம், அவன் கையிலிருந்து, லத்தி பக்கத்தில் நின்று பார்க்க எடுக்கப்பட்டது.

விஷயம் தெரிந்த அன்று அக்கா டயாலிசிஸ் படுக்கையில் இருந்தாள். மெஷினில் மாட்டாத கையால் தம்பியின் காதைப் பிடித்துத் திருகினாள்.

"எனக்காகப் பொய் சொல்லி ஜெயிலுக்குப் போகப் பாத்தியாடா? நீ உள்ள போயிட்டா நான் யாருக்காகடா பொழைக்கறது?"

காதை விடாமலே அழுதாள். அவனும் அழுதான். கொக்கி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

இரும்புச்சத்து, இதயம், ஸ்கேன் என்று மூன்று வாரம் அவனைச் சல்லடை போட்டுச் சலித்தார்கள். சோகை லேசானது. சிறுநீரகம் இரண்டும் கச்சிதம். ஆபரேஷனைத் தாங்குவான் என்று ரத்த நோய் டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

கமிட்டி அவனைத் தனியாகக் கூப்பிட்டு ஒரே கேள்வி கேட்டது.

"யாராவது உங்களைக் கட்டாயப்படுத்தினாங்களா?"

"நான்தான் சார் எல்லாரையும் கட்டாயப்படுத்தினேன்."

கையெழுத்து விழுந்தது. ஒரு திங்கட்கிழமை காலையில் தம்பியின் ஒரு சிறுநீரகம் அக்காவுக்குப் போனது. சாயங்காலம் அவள் கட்டிலோரம் தொங்கிய பையில் சிறுநீர் இறங்கத் தொடங்கியது. டாக்டரே அதைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார்.

மறுநாள் மச்சான் கொக்கியின் அறைக்கு வந்தார். எட்டு கிலோ இளைத்திருந்தார். சர்க்கரை மட்டும் இல்லை, ஆளும் அடங்கியிருந்தார்.

"மேடம், நான் செத்ததுக்கப்பறம் உறுப்பு குடுக்கறேன்னு எழுதித் தரலாமாமே. இத்தனை சர்க்கரை இருக்கறவனையும் சேத்துப்பீங்களா?"

"எது ஆகும், எது ஆகாதுன்னு அன்னைக்கு இருக்கற டாக்டர் பாத்துக்குவார். நீங்க எழுதுங்க."

படிவத்தை நீட்டினாள். மச்சான் பேனாவைத் திறந்தார்.

"எங்க மேடம் கையெழுத்து?"

"இங்க. ஆனா இந்தத் தடவையாவது உங்க சொந்தப் பேர்ல போடுங்க."